உப்பில்லாக் கஞ்சி

கூத்தையாவுக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குப் பஞ்சம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு நர்சு சேதுலட்சுமி ஓடிவந்தாள். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "எழவு வீட்டுலகூட இப்படி அழ மாட்டாகம்மா. உன் வீட்டுக்காரர் பொழச்சுக்கிட்டாரு, எந்திரி" என்று அதட்டினாள். பஞ்சம்மாள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, அதைக் கேட்ட சந்தோஷத்துக்கும் சேர்த்து இன்னொரு பாட்டம் அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள்? அபிராமத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம் அவர்களுக்கு. கூலிக்கு விதைக்கப் போன கூத்தையா, அந்த ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் நாள் முழுக்க நனைந்துவிட்டு வந்து, மறுநாளே குளிரில் பல் கிட்டிப் படுத்துவிட்டான். கஷாயம் ஆயிற்று, தவிட்டு ஒத்தடம் ஆயிற்று, ஏர்வாடியில் ஓதி வாங்கிவந்த தண்ணீரும் ஆயிற்று. விலாவில் குத்து, மூச்சு முட்டல், பிதற்றல். இருமினால் துருப்பிடித்த இரும்பைக் கழுவிய தண்ணீர் நிறத்தில் சளி வந்தது. அதைப் பார்த்தபிறகுதான் கொழுந்தன் பால்சாமி வண்டியைப் பூட்டினான். கொழும்பில் வியாபாரம் செய்த மரைக்காயர்கள் கடற்கரை ஊரில் கட்டிவிட்டிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தபோது, உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. பிள்ளை குட்டி இல்லாதவர்கள். அவனுக்கு அவள், அவளுக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம். பென்சிலின் ஊசி போட்டுப் போட்டுக் கடைசியில் ஒரு காலை வேர்த்து ஊற்றி உடம்பு ஜில்லென்று ஆனதும், தேவிபட்டினத்துக்குக் கூட்டிப்போய்க் கடலில் முழுக்குப் போட வைக்கிறேன் என்று அங்கே கடலுக்குள் நிற்கிற நவபாஷாணச் சாமிக்கு நேர்ந்துகொண்டு அவள் அழுதாள். நியாயமான அழுகைதான்.

டாக்டர் ஹமீது சுல்தான் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சல் விட்ட மனுஷனின் நெஞ்சில் குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் கேட்டார். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தின இடம் குழிந்து, குழிந்தபடியே நின்றது.

"இந்தா பாரும்மா. நுரையீரல்ல இருந்த சளி கரையுது, நல்லது. ஆனா வந்த காய்ச்சல் சும்மா போகலை, இருதயத்தைப் பதம் பாத்துட்டுப் போயிருக்கு. நிமோனியா வந்தவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். உங்க ஊர்ல ஏத்தம் இறைப்பாங்கல்ல? இறைக்கிற ஆளு களைச்சுப்போனா என்ன ஆகும்?"

"தண்ணி ஏறாதுங்கய்யா."

"அதேதான். இருதயம் இறைக்க முடியாமக் களைச்சுப்போச்சு. தண்ணி காலுல தேங்குது, நெஞ்சுல தேங்குது. அதுக்கு மாத்திரை தாரேன், தண்ணி பிரியிறதுக்கு ஊசி போடுறேன். நீ செய்ய வேண்டியது, கட்டிலை விட்டு எறங்க விடக்கூடாது. தலகாணியை அண்டக்குடுத்து உக்கார வச்சே தூங்க வைக்கணும். முக்கியமா, உப்பு ஆகாது. ஒரு கல்லு உப்புக்கூட. உப்பு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிரும். புரியுதா?"

பஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். தலையாட்டுவதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டவர் 'புரியுதா' என்று கேட்டுவிட்டால், புரியவில்லை என்று சொல்வதைவிடச் செத்துப்போவது சுலபம் நமக்கு.

கூத்தையாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் ஒரு மாதிரியான ஆள். மேஸ்திரி சொன்னால் மேஸ்திரி சொன்னது, மிராசுதார் சொன்னால் மிராசுதார் சொன்னது. டாக்டர் சொன்னால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவன், ஒண்ணுக்குப் போவதற்குக்கூட இறங்க மறுத்தான்.

வார்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் கல் கூட்டி அடுப்பெரித்துக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். பஞ்சம்மாள் அங்கே உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். பக்கத்து அடுப்புக்காரி சபியா, குடல்வலிக்கார மாமியாரோடு ஏர்வாடியிலிருந்து வந்திருந்தவள், எட்டிப் பார்த்து, "என்னக்கா, உப்பில்லாமலா?" என்று முகத்தைச் சுளித்தாள். பஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. அவர்கள் பக்கம் உப்பில்லாமல் பொங்குவது செத்தவர்களுக்கு வைக்கிற பிண்டச் சோறு ஒன்றைத்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு அதைக் கொண்டுபோய் ஊட்டுவதா என்று கை கூசிற்று. ஆனாலும் ஊட்டினாள். கூத்தையா விழுங்கினான்.

"மண்ணைத் திங்கிறாப்புல இருக்கு" என்றான். அவ்வளவுதான். உப்பு வேண்டும் என்று ஒரு வார்த்தை அன்றைக்கும் கேட்கவில்லை, பிற்பாடும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து பால்சாமி பார்க்க வந்தான். அண்ணனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துபோனது. "மதினி, அண்ணனுக்கு முகம் பூரிச்சுப்போய்ல இருக்கு! ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கிருச்சு போல. காலு ரெண்டும் மினுமினுன்னு இருக்கு பாருங்க" என்றான். வருஷம் பூராவும் எலும்பும் தோலுமாகத் திரிகிற ஜனங்களுக்கு, சதை வைத்துவிட்டது என்றால் சீக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பஞ்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அது சதை இல்லை, டாக்டர் சொன்ன அந்தத் தண்ணிதான் என்பதை அந்த இரண்டு பேருக்கும் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊசி வேலை செய்தது. கூத்தையாவுக்கு நீர் பிரிந்துகொண்டே இருந்தது. சட்டி வைத்து எடுத்து மாளவில்லை அவளுக்கு. மூச்சு இளைப்பு நின்றது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து திணறினவன் குழந்தையைப்போலத் தூங்கினான். டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு முதல்தடவையாகச் சிரித்தார். "நல்ல வழிக்கு வந்துட்டாரு" என்றார்.

நல்ல வழியா? பஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிவிட்டது. காரை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கண் உள்ளே போய்விட்டது. நாலு நாளைக்கு முன்னால் பூரித்திருந்த முகம் எங்கே? மினுமினுத்த கால் எங்கே? உப்பில்லாச் சோற்றைப் போட்டுப் போட்டு மனுஷனைக் கரைத்துவிட்டார்களே என்று மாய்ந்துபோனாள். தேறும்போது அழிகிறான் என்று நினைத்தாள். வீங்கும்போது தேறுகிறான் என்று நினைத்த அதே கண்தான்.

இத்தோடு போயிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு மத்தியானம் கூத்தையாவுக்குக் கெண்டைக்காலில் குரக்களி இழுத்தது. காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். நெற்றி வேர்த்தது. "தலை சுத்துது புள்ள, கையிலயும் இழுக்குது" என்று முனகினான்.

பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். இதுவரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் நடந்த எதுவும் அவளுக்குப் பிடிபட்டதில்லை. குழாய், ஊசி, மாத்திரை எல்லாமே அவளுக்கு மிரட்சிதான். இது அவளுக்குத் தெரியும். இதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

மாசி பிறந்தால் அவர்கள் இரண்டு பேரும் கடற்கரை உப்பளங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். வாருகோலைப் பிடித்து உப்பு வாரிக்கொண்டிருக்கிற ஆள் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே சுருண்டுவிடுவான். கை கால் இழுக்கும், வேர்க்கும், கண் சொருகும். அதற்கு ஒரே வைத்தியம், பழைய சோற்றில் ஊறின நீச்சத்தண்ணியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து ஊற்றுவது. குடித்த கொஞ்ச நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான். உடம்பில் உள்ள உப்பு வேர்வையோடு போய்விட்டால் ஆள் விழுவான், உப்பைத் திருப்பிக் கொடுத்தால் எழுவான், அளத்துக்காரர்களுக்கு இது பாலபாடம். பஞ்சம்மாள் இதில் கைராசிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். போன கோடையில் மலையாண்டி என்கிற தடியனை அவள்தான் எழுப்பி உட்கார வைத்தாள். கூத்தையாவையே ஒருதடவை எழுப்பியிருக்கிறாள்.

நீரெல்லாம் பிரிந்துபோய், உப்பும் அதோடு போய், அதனால்தான் இழுக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை. குரக்களி இழுத்ததை டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் அவர் ஊசியை நிறுத்தி வைத்திருப்பார், தீர்ந்தது விஷயம். ஆனால் தனக்குத் தெரிந்த ஒன்றைப் போய் இன்னொருத்தரிடம் ஏன் கேட்க வேண்டும்? படித்தவர்தான், பெரியவர்தான். அளத்தில் ஒருநாள் வெயிலில் நின்றிருப்பாரா அந்த மனுஷன்?

சபியாவிடம் ஒரு கை கல்லுப்பு வாங்கினாள். "டாக்டர் வேணாம்னாகளேக்கா?" என்றாள் சபியா. "அது அப்ப. இப்ப இழுக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு, நீச்சத்தண்ணியில் கரைத்து, முந்தானையில் மறைத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

கூத்தையா ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"உப்புப் போட்டியா?"

"குடிங்க."

"வேணாம் பஞ்சு. அந்த மனுசன் அம்புட்டுச் சொன்னாரு. இது தப்பு."

"எது தப்பு? அளத்துல உங்களைத் தூக்கி நிறுத்துனது யாரு, அந்த டாக்டரா? காலு இழுத்துக்கிட்டுக் கெடக்கீக, நான் பாத்துக்கிட்டு நிக்கவா? எனக்குன்னு யாரு இருக்கா? குடிங்கன்னா குடிங்க." சட்டியை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

எழுந்துவிட்டான்! குரக்களி நின்றது. தலைசுற்றல் நின்றது. சாயங்காலம் நல்லா உட்கார்ந்து, "பயிறு மொளச்சிருக்கும்ல இந்நேரம்?" என்று ஊர்க்கதை பேசினான். பஞ்சம்மாளுக்கு ஆகாசத்துக்கும் பூமிக்கும் நிலை கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியே சேர்ந்து செய்யாததைத் தான் ஒருத்தி செய்துவிட்டதாக நினைத்தாள். அதற்குப்பிறகு தினமும் அது நடந்தது. கஞ்சியிலும் போட்டாள். கூத்தையா ஒவ்வொரு தடவையும் "வேணாம்" என்பான், அவள் விட மாட்டாள். கன்னம் மறுபடியும் பூரித்தது. கால் மறுபடியும் மினுமினுத்தது. சந்தோஷத்தில் அவள் அந்தக் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் மூச்சு வந்தது. வந்தது என்றால், திரும்பி வந்தது. முதலில் பேசும்போது மட்டும் இளைத்தது. பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பிறகு இருமினால் நுரை வந்தது. மறுபடியும் பால்சாமி பார்க்க வந்த அன்றைக்குக் கூத்தையா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, காற்றைக் கடித்துக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று சேதுலட்சுமியைக் கேட்டார், அவள் தன் கையாலேயே கொடுத்ததாகச் சொன்னாள். பஞ்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. உப்புக் கிப்புக் குடுத்தியா?"

கட்டிலில் மூச்சுக்குப் போராடுகிற புருஷன், எதிரே கொழுந்தன், சுற்றிலும் வார்டு ஜனம். கொடுத்தேன் என்றால் இப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போ என்று விரட்டிவிடுவார்கள் என்று பயந்தாள். தான் தப்புச் செய்துவிட்டோமோ என்கிற நினைப்பு அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"இல்லீங்கய்யா" என்றாள். "சத்தியமா இல்லை."

"எங்க மதினி அப்படிச் செய்யிற ஆளு இல்லய்யா. பொய்யே வராது அவுக வாயில" என்றான் பால்சாமி.

டாக்டர் பெருமூச்சு விட்டார். பால்சாமியைத் தோளில் தட்டி ஜன்னலோரம் கூட்டிப்போனார். பஞ்சம்மாள் காதில் விழக்கூடாது என்று மெதுவாகத்தான் பேசினார். அவள் காது முழுக்க அங்கேதான் இருந்தது.

"இங்க பாருப்பா. உப்பும் சேக்கலை, மருந்தும் போயிருக்கு. அப்படியும் தண்ணி ஏறுதுன்னா இருதயம் கைவிட்டிருச்சுன்னுதான் அர்த்தம். இனிமே ஊசி மேல ஊசி குத்தி அவரைப் பாடாப் படுத்துறதுல பிரயோசனம் இல்லை. ஊரோட வச்சுப் பாக்கணும்னு நெனச்சா கூட்டிப் போங்க."

பால்சாமி துண்டை வாயில் பொத்திக்கொண்டு வண்டி பார்க்கப் போனான்.

பஞ்சம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'உப்பும் சேக்கலை' என்று அவர் சொன்னது மண்டைக்குள் நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது. தான் சொன்ன பொய்யை நம்பித்தான் மனுஷர் கையை விரிக்கிறார் என்பது அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. உறைத்ததும் எழுந்து ஓடினாள். அடுத்த வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த டாக்டரின் காலில் போய் விழுந்தாள்.

"குடுத்தேன்யா! உப்புக் குடுத்தேன்! தெனமும் குடுத்தேன்! அவுகளைக் கைவிட்டுறாதீகய்யா!"

டாக்டர் அவளைத் தாண்டிக்கொண்டு கூத்தையாவின் கட்டிலுக்கு ஓடிவந்தார். "சேதுலட்சுமி, ஊசியை எடு, சீக்கிரம்!" என்று கத்தினார். மருந்து தோற்றுப்போகவில்லை என்று தெரிந்ததில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. ஆனால் கோபமும் வந்தது. அவளைப் பார்த்து வார்டே அதிரக் கேட்டார். "யாரைக் கேட்டுக் குடுத்தே? எத்தனை தடவை சொன்னேன்? உன் கையாலேயே உன் புருசனைக் கொல்லப் பாத்திருக்கியே, ஏன் குடுத்தே?"

அவள் வாயைத் திறக்குமுன், கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"அவளை... வையாதீக அய்யா." கூத்தையா மூச்சு மூச்சாகப் பிய்த்துப் பிய்த்துப் பேசினான். "நான்தான்... கேட்டேன். நாக்கு... கேக்கலை. குடுக்காட்டி... எந்திரிச்சு... வீட்டுக்குப் போயிருவேன்னு... மிரட்டுனேன். அவ... மாட்டேன்னுதான்... சொன்னா."

டாக்டர் சேதுலட்சுமி கையிலிருந்து ஊசியை வாங்கிக் குத்தினார். வண்டி கிடைத்த சேதியோடு வந்து நின்ற பால்சாமி அதை முழுக்கக் கேட்டான். சபியா கேட்டாள். வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஊசிக்கு நீர் பிரிந்தது, ஆனால் மெதுவாகப் பிரிந்தது. சாயங்காலம் கொஞ்சம் மூச்சுத் தணிந்தது. பஞ்சம்மாள் அவன் காதோரம் குனிந்து, "ஏன் அப்படிச் சொன்னீக? நீங்க எப்பக் கேட்டீக?" என்று அழுதாள்.

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான். "நீ நாளைக்கு... ஊருல இருக்கணும்ல புள்ள."

விடிந்து, வார்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கூத்தையா போய்விட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். இன்னும் ஒருநாள் முன்னால் தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர். ஆனால் ஆரம்பித்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. எப்படிச் செத்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பால்சாமி சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன், ஆற்றாமையில் பேசினான். "நாக்கைக் கட்டத் தெரியாமச் செத்துட்டான். டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு, உப்பு ஆகாது, ஆகாதுன்னு. மதினியை மிரட்டி வாங்கிக் குடிச்சிருக்கான். நாக்கு ருசிக்கு உசுரைக் குடுத்தவன் எங்கண்ணன் ஒருத்தன்தான்." கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தின்னிப்பய என்று ஒரு கிழவர் சொன்னார். வாழ்நாளில் ஒரு வாய் அதிகம் கேட்டுச் சாப்பிடாதவனை.

பஞ்சம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"அவுக கேக்கலை" என்றாள். "வேணாம் வேணாம்னாக. நான்தான் வாயில வச்சு அமுக்கி ஊத்துனேன். கொன்னது நான். என் மேலதான் தப்பு."

கூத்தையாவின் சின்னத்தா பிச்சையம்மாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "பாத்தீகளாடி! செத்த பெறகும் புருசனை விட்டுக்குடுக்க மாட்டேங்குறாளே! அவன் பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிருறாளே!"

"இல்ல சின்னத்தா, நெசமாவே நான்தான்..."

"பேசாதடி என் தங்கம். அவன் சொன்னதைத்தான் ஆஸ்பத்திரியே கேட்டுச்சாம்ல."

பால்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொய்யே சொல்லாத மனுசி. எங்கண்ணனுக்காக இன்னைக்கு அதையும் சொல்லுது" என்றான். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒருத்தி வாய்க்க அந்தத் தின்னிப்பய கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் கிழவர் சொன்னார்.

பஞ்சம்மாள் இன்னொருதரம் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து பந்திக்குப் போனார்கள்.